குப்பைமேனி ஆய்வுகள்: அளந்ததும் அளக்காததும்

போன ஆடியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சமையலறையில் சின்ன இடிகல்லில் பச்சையாக எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அது?"

"குப்பைமேனி. பயலுக்கு நெஞ்சு கர்புர்ருனு இருக்கு. சாறு ரெண்டு சொட்டு நாக்குல விட்டா வாந்தியெடுத்து சளியெல்லாம் வெளிய வந்துரும்."

பயல் என்பது தங்கச்சி மகன். ஒன்றரை வயது. பிறந்த வாரமே மஞ்சள் காமாலை வந்து, அது சீக்கிரம் இறங்காமல் போக, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று தெரிந்தது. எதெல்லாம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும். பாச்சா உருண்டை, ப்ரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின் என்று போகும் அந்தப் பட்டியலில் குப்பைமேனி இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சில மாதம் முன்புதான் இங்கே எழுதுவதற்காக அந்தச் செடியின் வேதியியலைப் படித்துக்கொண்டிருந்தேன். இடிகல்லை வாங்கி ஸிங்க்கில் கவிழ்த்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம். போனை எடுத்து ஒரு வாட்ஸாப் செய்தியைக் காட்டினார். குப்பைமேனி கிருமிகளைக் கொல்லும் என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதாம். கீழே ஒரு சுட்டி. வழக்கமாக இப்படிப்பட்ட சுட்டிகள் எங்கும் போகாது. இது நிஜமாகவே ஒரு ஆய்வுக் கட்டுரைக்குப் போனது. "பாத்துக்கோ, உங்க ஆளுங்களே எழுதிருக்காங்க" என்றார்.

அந்தக் கட்டுரையும் அதன் அண்ணன் தம்பிகளும்தான் இன்றைய விஷயம். நான் பி.இ. படித்து சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவன். மருத்துவனும் இல்லை, வேதியியல்காரனும் இல்லை. ஆனால் மற்றவர் எழுதிய கோடைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் இவற்றையும் படித்தேன்.

செடியைத் தெரியாதவர்கள் குறைவு. வேலியோரம், குப்பைமேடு, காம்பவுண்ட் சுவர் இடுக்கு என்று எங்கும் முளைக்கும். அகலிஃபா இண்டிகா, ஆமணக்கின் குடும்பம். ரம்பப்பல் விளிம்புள்ள இலை. பெண்பூவைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஒரு பச்சைச் செதில் இருக்கும், அதை வைத்து அடையாளம் பிடிக்கலாம். பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். எங்கள் வீட்டுப் பூனையிடம் நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். இந்தத் தலைப்பில் என்னுடைய ஒரே பரிசோதனை அதுதான்.

குப்பைமேனியின் கிருமி எதிர்ப்புத் தன்மை பற்றி ஒரு டஜனுக்கு மேல் கட்டுரைகள் படித்திருப்பேன். இரண்டு மூன்று படித்ததுமே அச்சு பிடிபட்டுவிடும். இலையை நிழலில் உலர்த்துவார்கள். பொடியாக்கி ஹெக்சேன், குளோரோஃபார்ம், மெத்தனால் என்று ஒவ்வொன்றிலும் சாறு இறக்குவார்கள். பெட்ரி தட்டில் அகார் ஊற்றி, அதன்மேல் பாக்டீரியாவைத் தடவி, சாறு நனைத்த காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத ஒரு வட்டம் தெரியும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள். அப்புறம் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டி எடுத்த சேர்மங்களின் பட்டியல். கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வாக்கியம்: இது இந்த மூலிகையின் பாரம்பரியப் பயன்பாட்டை உறுதி செய்கிறது.

எனக்குப் பிரச்சினை அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான். வட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அளந்தவர்கள் நேர்மையாகத்தான் அளந்திருப்பார்கள். ஆனால் "பாரம்பரியப் பயன்பாடு" என்றால் எது?

எங்கள் ஊரில் சொறி சிரங்குக்குக் குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் குளிப்பாட்டுவார்கள். இதில் ஹெக்சேன் எங்கே வந்தது? பெட்ரோலிலிருந்து பிரித்தெடுக்கும் கரைப்பான் அது. இலையின் மெழுகையும் கொழுப்பையும் இழுக்கும். தண்ணீர் இழுக்கும் பொருட்கள் வேறு. பாட்டி அரைத்த விழுதில் இருப்பதும் ஹெக்சேன் சாற்றில் இருப்பதும் ஒரே இலையிலிருந்து வந்த இரண்டு வேறு கலவைகள். உப்பு எங்கே, மஞ்சள் எங்கே, குளிப்பாட்டியது எங்கே? மூன்றுமே கிருமியைக் குறைக்கக் கூடியவை. உப்பு, மஞ்சள் மட்டும் சேர்த்த ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு வைத்தால் குப்பைமேனியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துபோகும். நான் படித்தவற்றில் ஒருவரும் வைக்கவில்லை.

பாரம்பரியத்தை மதிப்பது என்றால் எப்படி என்பதற்குச் சீனாவில் தூ யூயூ செய்ததைப் பார்க்கலாம். மலேரியாவுக்கு ஒரு மூலிகைச் சாற்றைச் சோதித்தபோது முடிவுகள் சில சமயம் நன்றாகவும் சில சமயம் மோசமாகவும் வந்தன. அவர் பழைய மருத்துவ நூலில் அந்தச் செடியைப் பக்குவம் பண்ணிய முறையைத் திரும்பப் படித்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் இறக்கினார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி எலிகளின் மலேரியாவை முழுக்க அடக்கியது. அதுதான் ஆர்ட்டிமிசினின், 2015-ல் நோபல். அவரும் கரைப்பானை மாற்றினார்தான். ஆனால் பழைய பக்குவத்தைப் படித்து, அது ஏன் அப்படி என்று கேட்டுவிட்டு மாற்றினார். நம் கட்டுரைகளில் பழைய பயன்பாடு முன்னுரையில் ஒரு வரி, முடிவுரையில் ஒரு வரி. நடுவில் அதைக் காணோம்.

அடுத்து நோய். சொறி சிரங்கு என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். சொறி பெரும்பாலும் சார்காப்டெஸ் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத எட்டுக்கால் பூச்சி தோலுக்குள் சுரங்கம் வெட்டுவதால் வருவது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. சீழ் கோத்த சிரங்குதான் பாக்டீரியா வேலை. ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் வட்டம் வந்தால் பூச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. சொறிந்த புண்ணில் அந்த பாக்டீரியா போய்ச் சீழ் பிடிப்பது உண்மைதான், அந்த அளவுக்குத் தொடர்பு இருக்கிறது. ஆனால் அதை யாராவது எழுத வேண்டாமா? விண்டோஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆண்ட்ராய்டில் ஓடும் என்று கையெழுத்துப் போட்டால் என் மேனேஜர் விடமாட்டார்.

வட்டத்தின் அளவுக்கு வருவோம். இந்த வில்லை முறை மருத்துவமனை ஆய்வகங்களுக்காக உருவானது. 1966-ல் பாவர், கிர்பி முதலியோர் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு நோயாளியின் பாக்டீரியாவுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்ப்பதற்கு. ஒவ்வொரு மருந்துக்கும் வில்லையில் எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மில்லிமீட்டர் வந்தால் கேட்கும் என்று தனித்தனி அட்டவணை உண்டு. மூலிகைச் சாற்றுக்கு அப்படி அட்டவணை கிடையாது. அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறு வேகமாகப் பரவிப் பெரிய வட்டம் போடும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் வில்லையிலேயே உட்கார்ந்துகொள்ளும், வீரியம் இருந்தாலும் வட்டம் சிறிதாகத்தான் வரும். அதனால் ஹெக்சேன் சாற்றைவிட மெத்தனால் சாறு வீரியமானது என்று வட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வில்லையே 6 மில்லிமீட்டர் விட்டம். அட்டவணையில் 7, 8 என்று பார்த்தால் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒப்பிட சிப்ரோஃப்ளாக்சசின் வில்லை வைப்பார்கள். அதில் 5 மைக்ரோகிராம் மருந்து. மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைத்த சாற்றில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் அது 5 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு. இரண்டு வட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று வந்தால் செய்தி என்ன என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை. 2008-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை வட்டத்தோடு நிற்காமல் எம்.ஐ.சி.யும் பார்த்தது. அதாவது பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த செறிவு. அதில் கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கு மில்லிலிட்டருக்கு 0.156 முதல் 2.5 மில்லிகிராம் வரை தேவைப்பட்டது. கிராம்-நெகட்டிவ் வகையில் சூடோமோனாஸ் மட்டும் அசைந்து கொடுத்தது. எண்ணாகக் கொடுத்ததால்தான் நான் இப்போது கணக்குப் போட முடிகிறது. அந்த மரியாதையோடே சொல்கிறேன்.

இந்தத் துறையின் ஆட்களே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2005-ல் ரியோஸ், ரெசியோ என்ற ஸ்பெயின்காரர்கள், சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போய்ச் சோதிக்காதீர்கள், 0.1-க்குக் கீழே வேலை செய்தால் ஆர்வம் காட்டலாம் என்றார்கள். அந்த அளவுகோலில் 0.156 வாசற்படி வரை வருகிறது. 2.5 தெருவிலேயே நிற்கிறது.

ஆனால் இங்கே எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. மேலே பூசும் மருந்துக்கு இந்த வரம்பு கொஞ்சம் கறாரானது. தோராயமாக ஒரு கணக்கு. 10 கிராம் பச்சை இலை, உலர்ந்தால் 2 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு சாறாக வரும் என்று வைத்தால் 200 மில்லிகிராம். விழுதாகப் பூசும்போது ஒரு கிராமுக்கு 20 மில்லிகிராம் ஆகிறது. எம்.ஐ.சி.யைத் தாண்டிவிட்டது! ஆக, சீழ் பிடித்த சிரங்குக்கு மேலே பூசினால் ஏதோ பலன் இருக்கலாம் என்பதற்கு இடம் இருக்கிறது. அதே 200 மில்லிகிராமை விழுங்கினால்? ஒரு துளி விடாமல் எல்லாம் ரத்தத்தில் சேர்ந்தாலும், பெரியவர் உடம்பின் 5 லிட்டர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.04 மில்லிகிராம்தான். கட்டுரையின் மிகச் சிறந்த எண்ணுக்கே இது நான்கில் ஒரு பங்கு. நிஜத்தில் குடலும் கல்லீரலும் சும்மா விடாது. அதே தட்டு, அதே எண். வெளிப்பூச்சுக்குக் கொஞ்சம் சாட்சி சொல்கிறது, உள்ளுக்குக் கொடுப்பதற்குச் சொல்லவில்லை. வாட்ஸாப்பில் வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதற்கு வழி விட்டது அந்தக் கடைசி வாக்கியம்.

ஜிசி-எம்எஸ் பட்டியல் இன்னொரு கூத்து. மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கி, ஒரு நீளமான மெல்லிய குழாயில் அனுப்பி, வெளியே வருவதை உடைத்து, அந்தச் சிதறலைக் கணினியில் இருக்கும் பெரிய நூலகத்தோடு ஒப்பிடுவார்கள். மென்பொருள் "இதற்கு மிக நெருக்கமானது இது" என்று ஒரு பெயரைக் கொடுக்கும். நான் எழுதும் தேடல் நிரலும் இதைத்தான் செய்கிறது. நெருங்கியது எது என்று கேட்டால் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே தீரும், சரியானது அதில் இல்லாவிட்டாலும். அசல் பொருளை வாங்கி அதே கருவியில் ஓட்டி ஒப்பிடும் வரை அது ஊகம்தான். பட்டியலில் ஹெக்சாடெகனாயிக் அமிலம், ஃபைட்டால் எல்லாம் தடித்த எழுத்தில் இருக்கும். முதலாவது நம் தேங்காயெண்ணெய், பாமாயிலிலும் உள்ள கொழுப்பு அமிலம். ஃபைட்டால் பச்சையத்தின் வால், எந்தப் பச்சை இலையை ஓட்டினாலும் வரும். சில பட்டியல்களில் தாலேட்டுகள் இருக்கும். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் அது, பெரும்பாலும் குழாயிலிருந்தோ டப்பாவிலிருந்தோ கசிந்தது. சிலாக்சேன் என்று பார்த்தால் கருவியின் குழாய்ப் பூச்சே கழன்று வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்கும் நேராகக் கிருமி எதிர்ப்பு என்று எழுதியிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய குறை, ஆவியாகாதவை இந்தப் பட்டியலுக்குள் வரவே முடியாது என்பது. சர்க்கரையோடு பிணைந்த சேர்மங்கள், டானின்கள் எல்லாம் அப்படி. குப்பைமேனிக்கே உரிய சேர்மம் எது என்று தேடினால் போய் நிற்கும் இடம் தென்னாப்பிரிக்கா. 1937-ல் ஆண்டர்ஸ்டெபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தில் ரிமிங்டனும் ரூட்ஸும் இந்தச் செடியைப் பிரித்துப் பார்த்தார்கள். கால்நடைகளுக்கு எந்தெந்தச் செடி விஷம் என்று தேடிய இடம் அது. சயனைடு வெளியிடும் ஒரு கிளைகோசைடு கிடைத்தது. டிரைஅசிட்டோனமைன் என்று ஒன்றும் கிடைத்தது. அசிட்டோனும் அம்மோனியாவும் சேர்ந்தாலே உண்டாகக்கூடிய பொருள், அதனால் அது செடியுடையதா பாட்டிலுடையதா என்று கேட்க இடமுண்டு. 1982-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அந்தக் கிளைகோசைடின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அகலிஃபின் என்று பெயர். இந்தச் செடிக்கென்று ஒரு கைரேகை இருந்தால் இதுதான். நம் ஜிசி-எம்எஸ் பட்டியல்களில் ஃபைட்டால் இருக்கும், அகலிஃபின் இருக்காது.

மாணவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 2022 வரை பிஎச்.டி. சமர்ப்பிக்கும் முன்பே கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி வைத்திருந்தது. கையில் காசு இல்லை, விலங்குச் சோதனைக்கு அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். செடி வாசலிலேயே முளைக்கிறது. நானாக இருந்தாலும் வட்டம்தான் அளந்திருப்பேன்.

இனி நான் இடிகல்லைக் கவிழ்த்த காரணம். 1994-ல் சிலோன் மெடிக்கல் ஜர்னலிலும், 1996-ல் டிராபிக்கல் டாக்டர் என்ற இதழிலும் இலங்கை மருத்துவர்கள் எழுதினார்கள். சிங்களத்திலும் இந்தச் செடிக்குக் கிட்டத்தட்ட இதே பெயர்தான், குப்பமேனியா. அங்கேயும் மூலிகைகளோடு சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். அப்படிக் குடித்த ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்தன.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. நம் உடம்பின் மற்ற செல்களுக்கு ஆக்சிஜனேற்றத் தாக்குதலைச் சமாளிக்கப் பல வழி உண்டு. சிவப்பணுவுக்கு ஜி6பிடி நொதி ஓட்டும் ஒரே ஒரு பாதைதான். அது பலவீனமாக இருப்பவர்கள் சாதாரண நாளில் நன்றாகவே இருப்பார்கள். உலகத்தில் சுமார் 40 கோடிப் பேர் இப்படி. ஒவ்வாத மருந்தோ பொருளோ உள்ளே போனால் ஒரே வீச்சில் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், ஆள் வெளுத்துப்போவார், மஞ்சள் பாரிக்கும். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பெட்ரி தட்டில் இது தெரியாது. அதில் சிவப்பணு கிடையாது. ஒருவேளை ஆய்வாளர் தன் சொந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தாலும், அவர் நொதி சரியாக இருந்தால் தெரியாமலே போகலாம். ஆகவே அது தெரியவில்லை என்பது அவர்கள் குற்றமில்லை. ஆனால் 1996-க்குப் பிறகு எழுதியவர்கள் முன்னுரைக்காகப் பழைய கட்டுரைகளைத் தேடியிருப்பார்கள்தானே? நான் படித்தவற்றில் பாரம்பரியப் பெருமை இருந்தது, வேறு மூலிகைக் கட்டுரைகளின் மேற்கோள் வரிசையாக இருந்தது, இலங்கைக் கட்டுரைகள் இரண்டும் இல்லை. சேர்த்தால் கூடுதலாக ஒரு வரி. பரிசோதனைச் செலவு ஒரு பைசா கிடையாது.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது ராத்திரி ஆகிவிட்டது. "உங்க ரெண்டு பேருக்கும் குடுத்துதான் வளத்தேன். நீ என்ன செத்தா போயிட்ட?" என்றார். நியாயமான கேள்வி. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அது பழுது என்றால் மாற்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பயலுக்கு வந்திருப்பது தங்கச்சி வழியாக. தங்கச்சிக்கு அது அம்மா வழியாக வந்திருந்தால் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கிறது. நான் அப்புறம் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கொடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்து இரண்டு பிள்ளைகளுக்குச் சிறுநீர் கறுத்தால், ஊரில் அதைக் காமாலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இடிகல்லை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அளவும் பக்குவமும் அனுபவத்தில் பிடிபடும். நூற்றில் இரண்டு பேருடைய நொதி அனுபவத்தில் பிடிபடாது. அதைப் பிடிக்கத்தான் ஆய்வு வேண்டும், ஆய்வோ வட்டத்தை அளந்துகொண்டிருந்தது.

"அப்ப கால்ல பூசிக்கலாமா?" என்று கேட்டார் அம்மா. அவருக்குப் பித்தவெடிப்பு. பூசிக்கோங்க, பயல் தவழ்ந்து வந்து நக்காம பாத்துக்கோங்க என்றேன். பிறகு பால்பாயிண்ட் பேனா எடுத்து, ஃப்ரிட்ஜில் இருந்த தாளின் அடியில் "குப்பைமேனி — உள்ளுக்குக் கூடாது" என்று எழுதினேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் இலங்கைக் கட்டுரையின் ஒரு பிரதியையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் படித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாராம்.